நான்கு மணிக்கு எழ முடியாதவர்களுக்கு

அனுதின தியானத்தைப் பற்றிக் கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலைப் பகுதி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கேட்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறோம்.

*

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். வெள்ளிமலைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். வீட்டுக்காரர் மிளகு பறிக்கக் கேரளா போயிருக்கிறார். வருடத்தில் பல மாதம் அப்படித்தான். வீட்டில் நானும் மாமியாரும் இரண்டு பிள்ளைகளும். விடிவதற்குள் தண்ணீர் எடுக்கணும், ஆட்டைப் பார்க்கணும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பணும், அப்புறம் காட்டு வேலை. அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஜெபிக்கிறவர்கள்தான் ஜெயமுள்ள விசுவாசிகள் என்று சபையில் சொல்கிறார்கள். ஒவ்வொரு புது வருஷ ஆராதனையிலும் இந்த வருடம் வேதம் முழுவதும் வாசிப்பேன் என்று பொருத்தனை செய்கிறேன். மாசியைத் தாண்டுவதில்லை. லேவியராகமத்தில் நின்றுவிடுகிறது. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் வேதத்தைத் தொடவே கூச்சமாக இருக்கிறது. என் விசுவாசம் குறைவுபட்டதா?

பதில்: சகோதரி, குறை உங்கள் விசுவாசத்தில் இல்லை. உங்கள் வீட்டுக்குப் பொருந்தாத ஒரு திட்டத்தை உங்கள் தலையில் வைத்திருக்கிறார்கள்.

முதலில் அந்த நான்கு மணியைப் பார்ப்போம். இயேசு இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு முதல் அதிகாரம் சொல்கிறது. உங்கள் சபையில் காட்டுகிற ஆதாரம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். ஆனால் வேதத்தில் ஜெபித்தவர்கள் எல்லாரும் அந்த வேளையில்தான் ஜெபித்தார்களா? ஈசாக்கு தியானம் பண்ண வயலுக்குப் போனது சாயங்கால வேளையில். தானியேல் ஒரு நாளில் மூன்று வேளை முழங்காற்படியிட்டார். பேதுரு மேல்வீட்டுக்கு ஏறியது நண்பகலில், அதுவும் நல்ல பசியோடு. பவுலும் சீலாவும் நடுராத்திரியில் ஜெபித்தார்கள், சிறைச்சாலையில் கால்கள் தொழுமரத்தில் மாட்டியிருக்க. எல்லாவற்றுக்கும் மேலாக உபாகமம் ஆறாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். தேவனுடைய வார்த்தைகளை எப்போது பேச வேண்டும் என்று மோசே நான்கு வேளைகளைச் சொல்கிறார்: வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழும்பும்போது. கடிகாரத்தைப் பார்த்துச் சொன்ன நேரம் ஒன்றுகூட அதில் இல்லை. நான்கும் வேலைகள். ஆடுமாடு வைத்திருந்தவர்களுக்கும் நிலம் உழப்போகிறவர்களுக்கும் சொன்னது அது. உங்களுக்கும் அப்படியே பொருந்தும்.

நான்கு மணிக்கு எழுந்து ஜெபிக்கிறவர்களை நான் குறைவாகச் சொல்லவில்லை. அது அவர்களுக்குக் கிடைத்த கிருபை. ஆனால் இரவு பதினோரு மணிக்குப் பாத்திரம் கழுவி முடித்துப் படுக்கிற ஒரு தாய் நான்கு மணிக்கு எழுந்து உட்கார்ந்தால், ஜெபத்தைவிடத் தூக்கம்தான் முந்திக்கொண்டு வரும். அதற்காக அவள் குற்ற உணர்ச்சியோடு நாளைத் தொடங்குவது எந்த விதத்திலும் பக்தி ஆகாது. இதை வாசிக்கிற போதகர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: மலைச் சபைகளில் உட்கார்ந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஒரு மனிதருக்குக் கிடைத்த கிருபையை எல்லாருக்கும் அளவுகோலாக வைக்காதீர்கள்.

அடுத்தது, ஒரு வருடத்தில் முழு வேதாகமம். கணக்கைப் பாருங்கள். 66 புத்தகங்கள், 1189 அதிகாரங்கள். வருடத்துக்குள் முடிக்க நாளொன்றுக்கு மூன்று அதிகாரத்துக்கும் சற்று மேலே வாசிக்க வேண்டும். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40, ஆக 90 அதிகாரம். ஜனவரி முடியும்போது அவை முடிந்திருக்கும். பிப்ரவரியில் லேவியராகமத்தின் பலி முறைமைகள் வந்து நிற்கும். ஆகவே நீங்கள் மட்டும் அங்கே நின்றுபோகவில்லை. இந்தத் திட்டத்தை எடுத்த மிகப் பலர் அதே இடத்தில்தான் நிற்கிறார்கள். யோசேப்பின் கதையிலும் செங்கடலிலும் ஓடிவந்த மனது, கொழுப்பையும் குண்டிக்காய்களையும் வாசிக்கும்போது விளக்கிச் சொல்ல ஆளில்லாமல் தவிக்கிறது.

வருட வாசிப்புத் திட்டங்களில் பெயர்பெற்றது ஸ்காட்லாந்தின் டண்டி நகரில் போதகராக இருந்த ராபர்ட் மர்ரே மக்செய்ன் 1842-ல் தன் சபைக்காக எழுதியது. நாளுக்கு ஏறக்குறைய நான்கு அதிகாரம். இன்றும் உலகமெங்கும் அதைப் பின்பற்றுகிறார்கள். ஆனால் அந்தத் திட்டத்தின் முன்னுரையிலேயே அவர் அதன் ஆபத்துகளையும் வரிசையாக எழுதி வைத்தார்: வாசிப்பு வெறும் சடங்காகிவிடலாம், வாசித்துவிட்டோம் என்ற சுயநீதி வரலாம், கவனமில்லாமல் ஓடிவிடலாம், சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகிவிடலாம் என்று. திட்டம் போட்டவரே இந்த எச்சரிக்கையைத் தந்தார். திட்டத்தை எடுத்துக்கொண்ட நாம் எச்சரிக்கையை விட்டுவிட்டோம்.

இனி என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். நாள் தவறாமல் நீங்கள் செய்கிற ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். காய்ச்சல் வந்தாலும் மழை பெய்தாலும் செய்துதான் தீர வேண்டிய வேலையாக அது இருக்கட்டும். உங்கள் வீட்டில் அது உலை வைப்பதாக இருக்கும் என்று நினைக்கிறேன். அரிசியோ சாமையோ, உலைநீர் கொதிக்கும்வரை நீங்கள் அடுப்பை விட்டு நகர முடியாது. அந்த நேரம் உங்களுடையது. வேதத்தை அடுப்புக்கு அருகே, உப்பும் புளியும் இருக்கிற பலகையிலேயே வையுங்கள். மலையில் பனியும் ஈரமும் அதிகம், அதனால் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டோ தகர டப்பாவுக்குள்ளோ வையுங்கள். அடுப்பு பற்றியதும் கை அந்த டப்பாவுக்குப் போகட்டும்.

ஏற்கெனவே இருக்கிற ஒரு வேலையோடு புதியதைக் கட்டிவிட்டால் பழக்கம் நிலைக்கும் என்பதை ஆராய்ச்சியும் சொல்கிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலி என்பவரும் அவருடன் இருந்தவர்களும் 96 பேரிடம் ஒரு புதிய செயலைத் தேர்ந்தெடுத்து, தினமும் நடக்கும் ஏதாவது ஒன்றோடு சேர்த்துச் செய்யச் சொன்னார்கள். பன்னிரண்டு வாரம் கவனித்தார்கள். 2010-ல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, யோசிக்காமலே கை போகிற நிலை வருவதற்கு நடுத்தரமாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள் போதும், சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். உங்களுக்கு மிகவும் வேண்டியது அவர்கள் கண்ட இன்னொன்று: இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை.

விட்டுப்போன நாளைப் பற்றி வேதமே இதைவிட அழகாகச் சொல்லியிருக்கிறது. மன்னாவை நினைத்துப் பாருங்கள். அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்குப் பொறுக்க வேண்டும். மறுநாளைக்கு எடுத்து வைத்தது புழுத்து நாறியது, ஓய்வுநாளுக்கென்று வைத்ததைத் தவிர. நேற்றுப் பொறுக்காமல் விட்டவன் இன்று இரண்டு பங்கு பொறுக்கிக் கடனை அடைக்க வேண்டும் என்று தேவன் சொல்லவில்லை. தியானத்தில் நிலுவை கிடையாது, சகோதரி. நேற்று விட்டதைச் சேர்த்து வாசிக்க முயல வேண்டாம். இன்றைக்குரிய பகுதியைத் திறந்து வாசியுங்கள். கூச்சம் வரும், அதையும் ஆண்டவரிடமே சொல்லிவிட்டு வாசியுங்கள்.

எதை வாசிப்பது? மாற்கு சுவிசேஷம். நான்கிலும் அதுதான் சிறியது, 16 அதிகாரம். நாளொன்றுக்கு அரை அதிகாரம் போதும், ஏறக்குறைய ஒரு மாதத்தில் முடியும்.

எப்படி வாசிப்பது என்பதற்கு மார்ட்டின் லூத்தரைத் துணைக்கு அழைக்கிறேன். நம் பகுதிக்கு அவர் அந்நியர் அல்ல. திருக்கோவிலூரில் டென்மார்க் மிஷனரிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்து ஊன்றியது லூத்தரன் சபை. லூத்தரின் சிறிய ஞானோபதேசத்தை அதற்கும் வெகு முன்பே, 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு தமிழுக்குக் கொண்டுவந்தார். 1529-ல் எழுதிய அந்தச் சிறு நூலில் காலை எழுந்ததும் செய்ய வேண்டியதை லூத்தர் சில வரிகளில் முடித்துவிடுகிறார்: விசுவாசப்பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், ஒரு சிறு விண்ணப்பம், பிறகு சந்தோஷமாக வேலைக்குப் போ. ஒரு மணி நேரம் என்ற பேச்சே அங்கே இல்லை.

1535-ல் லூத்தருக்கு முடிதிருத்துகிற பீட்டர் என்பவர், எப்படி ஜெபிப்பது என்று அவரிடம் கேட்டார். அதற்குப் பதிலாக லூத்தர் ஒரு முழு நூலே எழுதித் தந்தார். உலகப் புகழ்பெற்ற வேத பண்டிதர், தனக்கு முடி வெட்டுகிறவருக்காக உட்கார்ந்து எழுதியது என்பதாலேயே எனக்கு அந்த நூல் மிகவும் பிடிக்கும். வேலை செய்கிற மனிதனின் நாளை மனதில் வைத்து எழுதியிருக்கிறார். இதை முடித்துவிட்டு ஜெபிக்கலாம், அதை முடித்துவிட்டு ஜெபிக்கலாம் என்கிற எண்ணத்துக்கு இடம் கொடுக்காதே என்கிறார். பத்துக் கட்டளைகளில் ஒவ்வொன்றையும் நான்கு இழையாக முறுக்கிய மாலையாக ஆக்கிக்கொள்வதாகச் சொல்கிறார். முதல் இழை, இது எனக்கு என்ன கற்பிக்கிறது. இரண்டாவது, எதற்காக நன்றி சொல்ல வேண்டும். மூன்றாவது, எதை அறிக்கையிட வேண்டும். நான்காவது, என்ன கேட்க வேண்டும்.

இதை நீங்கள் எந்தப் பகுதியிலும் செய்யலாம். மாற்கு நான்காம் அதிகாரத்தில் படகில் புயல் வருகிற பகுதியை வாசித்தீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கற்பிப்பது: அவர் தூங்கினாலும் அதே படகில்தான் இருக்கிறார். நன்றி: போன வருடம் வீட்டுக்காரர் சுகமாகத் திரும்பி வந்தாரே. அறிக்கை: பணம் வரவில்லையென்ற பயத்தில் நேற்று மாமியாரிடம் எரிந்து விழுந்தேனே. விண்ணப்பம்: அவர் வேலை செய்கிற இடத்தில் அவருக்குக் குடியும் கெட்ட சகவாசமும் வேண்டாம் ஆண்டவரே. இவ்வளவுதான். உலை கொதிப்பதற்குள் முடிந்துவிடும். மீதியைக் காட்டுக்கு நடந்து போகிற வழியில் தொடருங்கள். வழியில் நடக்கும்போது என்று மோசே சொன்னது அதைத்தான்.

பிள்ளைக்குக் காய்ச்சல், அறுப்பு நேரம், வீட்டில் சாவு, இப்படிப்பட்ட நாட்களுக்கென்று ஒரு குறைந்த அளவை இப்போதே தீர்மானித்து வையுங்கள். ஒரு வசனமும் கர்த்தருடைய ஜெபமும் மட்டும். அந்த நாளில் அதுவே முழு தியானம். அதைவிடக் கூடுதலாகச் செய்யவில்லையே என்று மனதைப் போட்டு வதைக்காதீர்கள்.

வீட்டுக்காரருக்கும் போனில் சொல்லிவிடுங்கள், இருவரும் ஒரே அதிகாரத்தை வாசிக்கும்படி. ஞாயிற்றுக்கிழமை அவர் பேசும்போது பணம், பிள்ளை, மழை என்று பேசி முடித்த பிறகு, அந்த வாரம் வாசித்ததில் மனதில் நின்றது என்ன என்று ஒருவரை ஒருவர் கேளுங்கள். பல மாதம் பிரிந்திருக்கிற கணவன் மனைவிக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை இந்த மலையில் ஊழியம் செய்கிறவர்கள் அறிவார்கள்.

கடைசியாக ஒன்று. வருகிற புது வருஷ ஆராதனையில் பொருத்தனை செய்யாதீர்கள். பொருத்தனை செய்து செலுத்தாமலிருப்பதைவிடச் செய்யாமலிருப்பதே நல்லது என்று பிரசங்கி சொல்கிறார். செய்து நிறைவேறாமல் போனவற்றை ஆண்டவரிடம் ஒருமுறை மனம்விட்டுச் சொல்லி விட்டுவிடுங்கள்.

*

கேள்வி: கள்ளக்குறிச்சியில் கல்லூரியில் படிக்கிறேன், தினமும் சங்கராபுரத்திலிருந்து பஸ். போனில் வேதாகமச் செயலி வைத்திருக்கிறேன். தொடர்ந்து எத்தனை நாள் வாசித்தோம் என்று அது எண்ணிக் காட்டும். நூறு நாளுக்கு மேல் போனது. பரீட்சை நேரத்தில் ஒரு நாள் மறந்துவிட்டேன், எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்கியது. அதோடு விட்டுப்போயிற்று. மறுபடி எப்படித் தொடங்குவது?

பதில்: தம்பி, அந்த எண் போய்விட்டது. நூறு நாள் வாசித்தது போகவில்லை. அதில் உனக்குள் இறங்கிய வசனங்கள் அங்கேயேதான் இருக்கின்றன. எண்ணைக் காப்பாற்றுவதற்காக நடுராத்திரி பன்னிரண்டுக்கு முன் அவசரமாகத் திறந்து ஒரு வசனத்தைத் தொட்டுவிட்டுப் படுத்த நாட்களும் அந்த நூறில் இருந்திருக்கும். அந்த நாட்களில் நீ யாரைச் சந்தித்தாய் என்று உன்னையே கேட்டுப் பார்.

அச்சிட்ட வேதாகமம் ஒன்றை வாங்கிக்கொள். பழைய மொழிபெயர்ப்பு கடினமாக இருந்தால் எளிய தமிழில் வந்திருப்பதை எடு. 1995-ல் வெளிவந்த திருவிவிலியம் இன்றைய தமிழில் இருக்கிறது, எந்தச் சபையைச் சேர்ந்தவரும் வாசிக்கலாம். படுக்கிற இடத்துக்கும் போன் சார்ஜ் போடுகிற இடத்துக்கும் இடையில் ஒரு சுவராவது இருக்கட்டும். காலையில் கைக்கு முதலில் எட்டுவது வேதமாக இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

பஸ்ஸில் வாசிக்க முயல வேண்டாம், கூட்டத்தில் மனம் நிற்காது. பஸ்ஸை ஜெபத்துக்கு வைத்துக்கொள். கண்ணை மூட வேண்டியதில்லை. வழியில் வரும் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு ஆளை நினைவில் வைத்துக்கொண்டு அவருக்காக ஜெபி. அப்பா, தங்கை, கூடப் படிக்கிற பையன், உனக்குப் பிடிக்காத ஒருவர். போகப் போக அந்த நிறுத்தம் வந்தாலே அந்தப் பெயர் தானாக நினைவுக்கு வரும்.

கூட ஒரு நண்பன் இருந்தால் நல்லது. ஆனால் அவனிடம் “வாசித்தாயா” என்று கேட்காதே, “என்ன வாசித்தாய்” என்று கேள். முதல் கேள்விக்குப் பொய் சொல்லத் தோன்றும்.

*

கேள்வி: என் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. சேராப்பட்டுப் பக்கம் மலையில் இருக்கிறார். நான் கீழே வேலை செய்கிறேன். “எனக்கு என்ன தியானம், படிச்சவங்களுக்குத்தான் அது” என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: பவுல் விசுவாசம் கேள்வியினால் வரும் என்கிறார். வெளிப்படுத்தின விசேஷத்தின் தொடக்கத்தில் வாசிக்கிறவனோடு கேட்கிறவர்களையும் பாக்கியவான்கள் என்கிறது வேதம். ஆதித் திருச்சபையில் பெரும்பாலானவர்கள் உங்கள் அம்மாவைப் போலத்தான், ஒருவர் வாசிக்கக் கேட்டவர்கள். அவர்களிடமிருந்து வந்ததுதான் நம் விசுவாசம். இதை அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள்.

தமிழ் வேதாகமம் ஒலி வடிவில் இலவசமாகக் கிடைக்கிறது. பைபிள்.இஸ் செயலியில் தமிழ் இருக்கிறது. மலையில் சிக்னல் வரும் போகும். ஆகவே நீங்கள் கீழே இருக்கும்போதே மாற்குவையும் சில சங்கீதங்களையும் இறக்கி, மெமரி கார்டில் போட்டு, பொத்தானை அழுத்தினால் பாடுகிற ஒரு சிறிய ஸ்பீக்கரில் செருகிக் கொடுங்கள். பொத்தான் எது என்று ஒருமுறை காட்டினால் போதும். கிழங்கு சீவும்போதும் சாமை புடைக்கும்போதும் கேட்கட்டும். ஒரு நாளைக்கு ஒரே அதிகாரம், அதையே இரண்டு முறை.

மனப்பாடத்தையும் விட்டுவிடாதீர்கள். எழுத்துத் தெரியாதவர்கள் பலர் கேட்டதை அப்படியே மனதில் வைத்துக்கொள்ளப் பழகியவர்கள். எவ்வளவு நீளமான பாட்டுகளை வயல் வேலையில் நிறுத்தாமல் பாடுகிறார்கள், பார்த்திருப்பீர்கள். 23-ஆம் சங்கீதம் ஆறே வசனம். வாரம் ஒன்றாகச் சொல்லிக்கொடுங்கள், போனிலேயே. ஒன்றரை மாதத்தில் முழுவதும் வந்துவிடும். பிறகு 121, 8 வசனம். அம்மா கற்றதைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். அப்போது தனக்குத் தியானம் எதற்கு என்ற கேள்வியை அவரே விட்டுவிடுவார்.

*

கேள்வி: எங்களுடையது எறையூர் பக்கம், கத்தோலிக்கக் குடும்பம். மாலை செபமாலை தவறுவதில்லை, அது பாட்டி காலத்துப் பழக்கம். ஆனால் விவிலியம் வாசிப்பது இல்லை. வாசிக்க ஆரம்பித்தால் செபமாலை நின்றுவிடுமோ என்று வீட்டில் பெரியவர்கள் தயங்குகிறார்கள்.

பதில்: நான் வேறு சபையைச் சேர்ந்தவன், இருந்தாலும் கேட்டதற்காக மகிழ்ச்சியோடு சொல்கிறேன். பாட்டி காலத்திலிருந்து நின்று வருகிற ஒரு பழக்கம் இருக்கிறது என்பது பெரிய சொத்து. செபமாலை அன்னையின் பெயரால் ஆலயம் இருக்கிற ஊர்ப் பக்கத்தில் அதை யாரும் கைவிடச் சொல்ல மாட்டார்கள். நான் சொல்வது, அதற்குள்ளேயே விவிலியத்தைக் கொண்டுவாருங்கள்.

செபமாலையின் மறையுண்மைகளில் பெரும்பாலானவை நற்செய்தியில் வருகிற காட்சிகள். 2002-ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஒளியின் மறையுண்மைகளைச் சேர்த்த பிறகு மொத்தம் 20. திங்களும் சனியும் மகிழ்ச்சி, செவ்வாயும் வெள்ளியும் துயரம், வியாழன் ஒளி, புதனும் ஞாயிறும் மகிமை. ஒவ்வொரு பத்து மணிக்கும் முன்னால் அந்தக் காட்சிக்குரிய நற்செய்திப் பகுதியில் நான்கைந்து வசனத்தை ஒரு பிள்ளை எழுந்து வாசிக்கட்டும். மங்கள வார்த்தை சொல்லப்பட்டது என்றால் லூக்கா முதல் அதிகாரம், கானா ஊர்த் திருமணம் என்றால் யோவான் இரண்டு. ஐந்து பகுதிகளுக்கும் சேர்த்துச் சில நிமிடமே கூடும். பெரியவர்களின் தயக்கமும் போகும், மணி உருளும்போது மனமும் அந்தக் காட்சியில் நிற்கும்.

சின்னப் பிள்ளைகள் தூங்கி விழுந்தால் அன்றைக்கு அவர்களுக்கு ஒரு பத்து மணி போதும்.

*

கேள்வி: கள்ளக்குறிச்சி டவுனில் இருக்கிறோம். கணவர் குடிக்கிறார். இரவு குடும்ப ஜெபத்துக்குப் பிள்ளைகளை உட்கார வைத்தால் கேலி, சண்டை, சில நாள் அடி. 2024-ல் கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து அத்தனை பேர் செத்ததைப் பார்த்தும் நிறுத்தவில்லை. ஜெபத்தை விட்டால் பாவம் என்கிறார் என் தாயார். தொடர்ந்தால் வீடு போர்க்களமாகிறது.

பதில்: அம்மா, இரவு ஜெபத்தை இன்றோடு நிறுத்துங்கள். அது பாவம் இல்லை. ஜெபம் என்றாலே அப்பா அம்மாவை அடிக்கிற நேரம் என்று பிள்ளைகள் மனதில் பதிந்துவிடக் கூடாது. காலையில் அவர் எழுவதற்கு முன், அல்லது பள்ளிக்கூடத்துக்கு நடந்து போகும்போது, ஒரு வசனம், ஒரு சிறு ஜெபம். அந்த ஜெபத்தில் அப்பாவின் குடியைப் பற்றிப் பிள்ளைகள் முன் நீளமாக அழ வேண்டாம். “எங்கள் அப்பாவை ஆசீர்வதியும்” என்பது போதும்.

உங்கள் சொந்தத் தியானத்துக்கு 13, 42, 142 ஆகிய சங்கீதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். துயரத்தை மறைக்காமல் தேவனிடம் கொட்டியவர்களின் ஜெபங்கள் அவை. இந்த நாட்களில் துதிப்பாட்டு வாயில் வரவில்லை என்றால் வரவழைக்க வேண்டாம். அந்தச் சங்கீதங்களையே உங்கள் வாயால் சொல்லுங்கள்.

அடி விழுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். சகித்துக்கொண்டு ஜெபியுங்கள் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். பெண்களுக்கான உதவி எண் 181, எந்த நேரமும் அழைக்கலாம். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் பிள்ளைகளோடு வெளியேறி நம்பகமான ஒரு வீட்டுக்குப் போங்கள். தாய் வீடோ, சபைக் குடும்பமோ.

குடிப்பழக்கத்துக்கு மருத்துவம் இருக்கிறது. போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. கள்ளக்குறிச்சியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, அங்கே மனநலப் பிரிவில் கேளுங்கள். பல வருடமாக அதிகமாகக் குடிக்கிறவர் உபவாசம், பொருத்தனை என்று ஒரே நாளில் தானாக நிறுத்தினால் கை நடுக்கமும் வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம், சில சமயம் உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரின் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். இதைச் சபையில் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். கருணாபுரத்தில் நடந்ததையும் நீங்கள் எழுதியதால் சொல்கிறேன்: குடித்தவருக்குக் கண் மங்கல், வயிற்றுவலி, மூச்சுத்திணறல் என்று எது வந்தாலும் தூங்கி எழுந்தால் சரியாகும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். அந்த ஜூனில் போன உயிர்கள் அறுபதுக்கும் மேல்.

உங்கள் போதகரிடம் உண்மையைச் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்ல.

*

கேள்வி: சின்னசேலத்துக்குப் பக்கத்தில் விவசாயம். வயது 67. வாழ்நாளெல்லாம் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனதோடு சரி. மனைவி இறந்த பிறகுதான் தினமும் வேதம் வாசிக்க வேண்டும் என்ற ஆசை. இந்த வயதில் புதுப் பழக்கம் வருமா?

பதில்: வரும், ஐயா. இந்த மலைகளிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. ஈவ்லின் பிராண்ட் என்ற அம்மையாரைக் கேள்விப்பட்டிருப்பீர்களோ என்னவோ. 1879-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். கொல்லிமலையில் கணவர் ஜெஸ்ஸியோடு ஊழியம் செய்தார். 1929-ல் மலேரியாவால் வரும் கொடிய கருநீர்க் காய்ச்சலில் கணவர் இறந்தார். தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்து வேலூரில் புகழ்பெற்ற டாக்டர் பால் பிராண்ட் இவர்களின் மகன். எழுபதை நெருங்கும் வயதில் ஓய்வு பெறச் சொன்னபோது அந்த அம்மையார் ஊருக்குத் திரும்பவில்லை. கொல்லிமலை, பச்சைமலை, நம் கல்வராயன் உட்பட ஐந்து மலைத்தொடர்களுக்கும் போக வேண்டும் என்று தீர்மானித்து, மலைக்குதிரையில் ஏறிப் போய் மலைக் குடிசைகளில் தங்கி ஊழியம் செய்தார். 1974 டிசம்பரில் இறக்கும்போது வயது 95. கணவரை இழந்து எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு தொடங்கிய வேலை அது. உங்களுக்கு அவரைவிட வயது குறைவு.

மனைவி போன பிறகு இந்த ஆசை வந்தது என்றீர்கள். துக்கம் இருக்கிற இடத்தை வாசிப்பால் நிரப்பிவிட வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். அவர் வழக்கமாக உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து வாசிக்கலாம். சில நாள் வாசிக்காமல் அவரை நினைத்துக்கொண்டிருந்தாலும் அது வீணான நேரம் ஆகாது.

நடைமுறையைச் சொல்கிறேன். கண்ணை முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். புரை இருந்தால் எழுத்து மங்கும், வாசிக்கச் சலிப்பு வரும், காரணம் தெரியாமல் பக்தி குறைந்துவிட்டதாக நினைப்பீர்கள். பெரிய எழுத்து வேதாகமம் கடைகளில் கிடைக்கும், கனமாக இருந்தால் புதிய ஏற்பாடு மட்டும் வாங்குங்கள். காலை டீ குடித்ததும், தம்ளரைக் கீழே வைத்த கையோடு திறங்கள். புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரம். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒரு அதிகாரம் வாசித்தால் 52 வாரத்தில் சரியாக முடியும். மீதி இரண்டு நாளில் ஒன்றில் ஒரு சங்கீதம் வாசியுங்கள், மற்றது ஞாயிறு, அன்று ஆலயத்தில் வாசிப்பதைக் கேட்டால் போதும். மத்தேயுவில் தொடங்க வேண்டாம், வம்ச வரலாற்றிலேயே சோர்ந்துவிடுவீர்கள். மாற்கு, லூக்கா, அப்போஸ்தலர் நடபடிகள், பிறகு பிலிப்பியர், யாக்கோபு. அதற்குள் உங்களுக்கே வழி தெரிந்துவிடும். பேரப்பிள்ளை யாராவது வீட்டில் இருந்தால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் அந்த அதிகாரத்தை அவனையே சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்.